மாருதி 800ல பிரேக் பைப் துரு பிடிச்சு ஒழுகுது, வீட்லயே மாத்தலாமா?

உப்பளத்துக்காரன்:
வணக்கம். வண்டி 2004 மாருதி 800, சித்தப்பாகிட்டேர்ந்து வந்தது. வேதாரண்யம் பக்கமே ஓடுன வண்டி, அகஸ்தியம்பள்ளி உப்பளத்த ஒட்டித்தான் வீடு. கொஞ்ச நாளா பிரேக் பெடல் முன்னவிட ஆழமா போகுது, பிரேக் ஆயில் டப்பாலயும் அளவு எறங்கிக்கிட்டே இருக்கு. கீழ படுத்துப் பாத்தா பின் வீலுக்குப் போற பைப்புல, கிளிப் மாட்டுன எடத்துல துரு பொருக்குப் பொருக்கா நிக்குது, தொட்டா வெரல் ஈரமாவுது. இங்க ஒரு பட்டறைல அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு ஃபிரிட்ஜ் காப்பர் டியூப் வச்சு பத்தவச்சுத் தரேங்குறாங்க. அம்மாவ திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு இதுலதான் கூட்டிட்டுப் போறேன், அதான் மனசு கேக்கல. கைவேல ஓரளவு தெரியும். நானே மாத்தலாமா?

மன்னை மெக்கானிக்:
தம்பி, மொதல்ல வண்டிய ரோட்டுக்கு எடுக்காதீங்க, அம்மாவ ஆட்டோல கூட்டிட்டுப் போங்க. பிரேக் ஆயில் லைன் ரெண்டு தனித்தனி சர்க்யூட்டா இருக்குறதாலதான் இப்ப பாதி பிரேக்காவது பிடிக்குது.

ஃபிரிட்ஜ் டியூப் வேண்டவே வேண்டாம். அழுத்தி பிரேக் அடிச்சா லைனுக்குள்ள 100 பார் பக்கம் போகும், கார் டயர்ல இருக்குறது வெறும் 2 பார் சொச்சம். அந்த டியூப் இதுக்குன்னு செஞ்சது இல்ல, ஆட்டத்துல வெடிப்பும் விடும். பத்தவைக்கிறது, நடுவுல ஜாயின்ட் போடுறது எதுவும் கூடாது, இந்த முனைலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே பைப்பா மாத்துங்க.

ஒண்ணு கவனிங்க, டப்பால அளவு எறங்காம பெடல் மட்டும் மெதுவா உள்ள போனா அது மாஸ்டர் சிலிண்டர் (பெடல அமுக்குனா ஆயில லைனுக்குள்ள தள்ளுறது) ரப்பர் கோளாறு. உங்களுக்கு அளவும் எறங்குது, பைப்பும் ஈரமா இருக்கு, அதனால சந்தேகமே இல்ல.

திருவாரூர் கார்க்காரன்:
நம்ம ஊர்ல உப்புக்காத்த மட்டும் கொற சொல்ல முடியாதுங்க. நடவு சமயத்துல டிராக்டர் வயல்லேர்ந்து ஏறி ரோடெல்லாம் சேத்த இழுத்து விட்டுட்டுப் போகும்ல, அந்தக் களிமண்ணு கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவுல அப்பிக்கிட்டு காயவே காயாது, பைப்பு அங்கதான் அரிக்க ஆரம்பிக்கும், மேல பாத்தா பளபளன்னு இருக்கும் கிளிப்ப கழட்டுனாத்தான் உள்ள என்ன ஆயிருக்குன்னு தெரியும். அதனால எல்லா கிளிப்பையும் தொறந்து பாருங்க. ஒரு பைப் இப்படின்னா கூடப் போட்ட மத்ததுக்கும் அதே வயசுதான்.

வளைச்சு ரெடியா வர்ற கம்பெனி பைப் கெடைச்சா அத வாங்குங்க. கெடைக்கலன்னா காப்பர் நிக்கல் பைப், 4.75 மிமீ. துரு பிடிக்காது, கையாலயே வளையும், வால்வோ கார்ல 1976லயே போட ஆரம்பிச்சுட்டாங்க.

உப்பளத்துக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே. காப்பர் நிக்கல் பைப்பே வாங்கிட்டேன். ஆனா பின்னாடி ரப்பர் ஹோஸ்கிட்ட இருக்குற நட்டு சுத்துனா பைப்பும் சேந்து முறுக்குது, நட்டு மூலையும் மழுங்க ஆரம்பிச்சிருச்சு.

மன்னை மெக்கானிக்:
ஓப்பன் ஸ்பேனர கீழ வைங்க. பைப்ப எப்படியும் தூக்கிப் போடத்தான் போறோம், நட்ட ஒட்டி பைப்ப வெட்டிருங்க, அப்பறம் ஆறு மூல சாக்கெட் முழுசா உள்ள எறங்கும், பெரும்பாலும் 10 மிமீ. மொத நாள் ராத்திரியே துரு எடுக்குற ஸ்பிரே அடிச்சு ஊற விடுங்க. ஹோஸ் பக்கம் இன்னொரு ஸ்பேனர் போட்டு ஆடாம பிடிச்சுக்கணும், இல்லன்னா ஹோஸும் முறுக்கிக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி பெடல ஒரு குச்சி வச்சு லேசா அமுக்கி நிறுத்திருங்க, டப்பால இருக்குற ஆயில் மொத்தமும் வடியாது. பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், பேட்டரி ஒயர கழட்டிருங்க. ஜாக்கிய மட்டும் நம்பி அடில போகாதீங்க தம்பி, ஸ்டாண்டு போட்டே ஆகணும்.

புது பைப்புக்கு நீளம் எடுக்க, பழைய பைப்போட வளைவுலயே கட்டுக்கம்பிய வளைச்சு அளந்துக்குங்க. ஹேக்ஸாவால அறுக்காதீங்க, தூள் உள்ள போயிரும், டியூப் கட்டர்தான். பிசிறெடுத்து, காத்தடிச்சு, நட்ட மாட்டிட்டுத்தான் ஃப்ளேர் போடணும், அதாவது பைப் முனைய டூல் வச்சு விரிக்கணும். முனைய பழசோட பக்கத்துல வச்சுப் பாருங்க: வாய் புனல் மாதிரி விரிஞ்சு, ஓரம் உள்பக்கமா மடிஞ்சு ரெண்டு அடுக்கா இருந்தா டபுள் ஃப்ளேர், வெளிப்பக்கம் உருண்டையா இருந்தா பபுள் ஃப்ளேர். ஒண்ணு இருக்க வேண்டிய எடத்துல இன்னொண்ணப் போட்டா எவ்வளவு இறுக்குனாலும் கசியும். வெட்டுன துண்டுல நாலஞ்சு போட்டுப் பழகிட்டு அப்பறம் நெச பைப்புல கை வைங்க.

உப்பளத்துக்காரன்:
பைப் மாட்டியாச்சு, கசிவு இல்ல, ஆனா பெடல் மெத்து மெத்துன்னு இருக்கு. வீட்ல இருக்குற பழைய ஆயிலையே ஊத்தி லைன்ல மாட்டுன ஏர மறுபடி வெளிய எடுக்கவா?

திருவாரூர் கார்க்காரன்:
பழச ஊத்தாதீங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், நம்ம கடலோரத்துல கேக்கவே வேணாம். டாட் 3ங்குற ரக பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறுனா 140லயே கொதிச்சு ஆவியாகி பெடல் உள்ள போயிரும். மூடில போட்டுருக்குற ரகத்துல புது டப்பா வாங்குங்க.

ஏர் எடுக்கும்போது வீல்கிட்ட ஏர் வெளிய விடுறதுக்கு இருக்குற நிப்பிள்ல, உள்ள தெரியுற கண்ணாடி மாதிரி ஹோஸ் மாட்டி, அதோட முனை பாட்டில்ல இருக்குற ஆயில்ல முங்கி இருக்கணும். ஒருத்தர் பெடல அமுக்கிப் பிடிக்கணும், நீங்க நிப்பிள தொறந்து, மூடுனதுக்கு அப்பறம்தான் அவரு கால எடுக்கணும். எந்த வீல் மொதல்லங்குறத சர்வீஸ் மேனுவல் பாத்துச் செய்ங்க. டப்பா காலியாவ விட்டா மறுபடி மொதல்லேர்ந்துதான். பெயின்ட்ல சிந்துனா உடனே தண்ணி ஊத்துங்க, உரிச்சிரும்.

அப்பறம் இஞ்சின் ஓடும்போது பெடல நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, இன்னொருத்தர விட்டு ஒவ்வொரு நட்டையும் காஞ்ச துணியால தொடச்சுப் பாக்கச் சொல்லுங்க.

உப்பளத்துக்காரன்:
பெடல் மேலயே நிக்குதுண்ணே, துணியும் காஞ்சே இருக்கு. ஆளில்லாத ரோட்டுல மெதுவா ஓட்டி பிரேக் அடிச்சும் பாத்துட்டேன். நீங்க சொன்ன மாதிரி முன்பக்க கிளிப்பையும் தொறந்தேன், அங்கயும் பொருக்கு விட ஆரம்பிச்சிருக்கு, மிச்ச பைப்ப வச்சு அதையும் மாத்திட்டுத்தான் அம்மாவ ஏத்துவேன். ஃப்ளேர் டூல் என்கிட்டயே இருக்கு, வேதாரண்யம் கோடியக்கரை பக்கம் யாருக்காவது வேணும்னா வாங்கிட்டுப் போங்க.