ஷாலா சித்தி: பள்ளி தனக்குத் தானே மதிப்பெண் போடலாமா?

கரும்பலகை:
எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஷாலா சித்தி படிவத்தை ஒரே மதியத்தில் முடித்துவிட்டோம். 2015-இல் மத்திய அரசு கொண்டுவந்த சுயமதிப்பீடு இது. 7 களம், 46 தரக்கூறு, ஒவ்வொன்றுக்கும் 3 நிலை. பெரும்பாலும் 2 போட்டோம். 1 போட்டால் ஏன் என்று கேள்வி வரும், 3 போட்டால் பார்க்க ஆள் வரும். பரீட்சை எழுதியவனிடமே பேப்பரைத் திருத்தக் கொடுத்தால் இதுதான் நடக்கும். வெளியாள் வந்து பார்ப்பதுதான் மதிப்பீடு.

கடைசி பெஞ்ச்:
ஒரே மதியத்தில் முடித்தது படிவத்தின் குற்றமா சார்? முதல் களத்தைப் பாருங்கள். கழிப்பறை போதுமான அளவு இருக்கிறதா என்பதற்கு ஒரு நிலை, பயன்படுத்தும்படி இருக்கிறதா என்பதற்குத் தனியாக இன்னொரு நிலை. பூட்டிக் கிடக்கும் கழிப்பறை அங்கே மாட்டிக்கொள்ளும். வெளியாள் வருகிற அன்றைக்குப் பூட்டைத் திறந்து பினாயில் ஊற்றி வைப்போம், தெரியாததா? ஆய்வுக்குப் பேர்போன இங்கிலாந்தே, அரசுப் பள்ளிகளை ஒற்றைச் சொல்லில் எடைபோடுவதை 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது.

கரும்பலகை:
ஆய்வை நிறுத்தவில்லையே! சரி, 'பயன்பாடு: நிலை 1' என்று எந்த எச்.எம். எழுதுவார்?

அஞ்சாம் கிளாஸ் அம்மா:
நான் எழுதுவேன். எஸ்.எம்.சி. என்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர் நான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும் எங்கள் வேலை. ஆனால் இந்தப் படிவத்தை இதுவரை கண்ணில் காட்டியதில்லை. கழிப்பறை எந்த நிலை என்று என் மகளைக் கேளுங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவள் அவள்.

கரும்பலகை:
அம்மா சொல்வது நியாயம். ஆனால் பாடம் நடத்துவதை யார் அளப்பது?

கடைசி பெஞ்ச்:
நாங்கள் மாதம் ஒருமுறை அடுத்த வகுப்பு நோட்டுகளை மாற்றித் திருத்துகிறோம். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் என் பிள்ளைகள் பாதிப் பேர் தடுமாறுவது அப்படித்தான் தெரிந்தது. மேலே யாருக்கும் அனுப்புவதில்லை. அதனால் பொய் எழுத அவசியமும் இல்லை.

கரும்பலகை:
நாளைக்கு உங்களுக்கு மாறுதல் வந்தால்? அதோடு நின்றுபோகும். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

கடைசி பெஞ்ச்:
அது உண்மைதான். போன வருடம் இரண்டு மாதம் நின்றேபோனது.

அஞ்சாம் கிளாஸ் அம்மா:
மேலே அனுப்ப வேண்டாம், எங்களிடம் காட்டுங்கள். மாதாமாதம் கேட்க நாங்கள் இருக்கிறோம்.

கரும்பலகை:
வெள்ளிக்கிழமை எங்கள் எஸ்.எம்.சி. கூட்டம். படிவத்தை நகல் எடுத்துக்கொண்டு போகிறேன். எல்லாவற்றுக்கும் ஏன் 2 என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள்.