சமையலறை கப்போர்டுக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு: பெயின்ட் அடிக்கும் முன் எதை வைத்து அடைப்பது?

கேள்வி

வணக்கம். சென்னையில் பழைய அபார்ட்மென்ட். ப்ளைவுட் கப்போர்டுகளுக்கு எனாமலும் சுவருக்கு எமல்ஷனும் அடிக்கப் போகிறோம். கப்போர்டு சுவரைத் தொடும் இடமெல்லாம் 3 முதல் 5 மி.மீ. இடுக்கு, மொத்தம் சுமார் 14 மீட்டர். ஒரு மூலையில் மட்டும் சுவர் தூக்கு (செங்குத்து) சரியில்லை. அங்கே மேலே 4 மி.மீ., கீழே வரும்போது 18 மி.மீ. பெயின்டர் சுவர்ப் பட்டியையே (சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு) வைத்து மூடிவிடலாம் என்கிறார். மேடைக்கு மேலே ஓரிடத்தில் ஏற்கெனவே சிலிகான் வைத்திருக்கிறது. எது சரி, எவ்வளவு வாங்குவது?

பதில் 1

பட்டி வேண்டாம் சார். ப்ளைவுட் மழைக்காலத்தில் ஈரம் வாங்கி உப்பும், வெயிலில் சுருங்கும். ஷட்டரைத் திறந்து மூடும் அதிர்வும் சேர்கிறது. வெள்ளை சிமென்ட் பட்டி காய்ந்தபின் வளையாது. பெயின்ட் முடிந்த கொஞ்ச நாளிலேயே மரத்தின் ஓரமாக மயிரிழை விரிசல் ஓடும். சிலிகான் வளையும், ஆனால் அதன் மேல் பெயின்ட் ஒட்டாது. உங்களுக்குத் தேவை அக்ரிலிக் சீலன்ட் (இடுக்கை அடைக்கும், காய்ந்தாலும் வளையும் பசை). அது வரும் குழாயில் (கார்ட்ரிட்ஜ்) ‘பெயின்ட் அடிக்கலாம்’ என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். சமையலறையில் சீலன்ட் உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வெந்நீரில் சலவை சோடா கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு 180 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தூசியைத் துடைத்துவிடுங்கள். ப்ளைவுட்டின் வெட்டு ஓரமோ சிமென்ட் பூச்சோ வெறுமையாகத் தெரிந்தால் பிரைமர் அடித்த பிறகே சீலன்ட். இல்லாவிட்டால் அந்தப் பரப்பு சீலன்டில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது.

இடுக்கின் இரு பக்கமும் 2 மி.மீ. தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். குழாயின் மூக்கை (நாசில்) 45 டிகிரி சாய்வாக, துளை இடுக்கைவிடச் சற்றுச் சிறியதாக வரும்படி வெட்டுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மீட்டர் ஒரு மீட்டராகப் போங்கள். சீலன்ட் வைத்ததும் ஈர விரலால் ஒரே இழுப்பு, உடனே டேப்பை உரித்துவிட வேண்டும். மேலே ஆடை படிந்த பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து வரும்.

இது தண்ணீர் கலந்த பொருள் என்பதால் காயும்போது உள்வாங்கும். மறுநாள் பள்ளம் தெரிந்த இடத்தில் மெல்லியதாக இன்னொரு முறை வையுங்கள். குறைந்தது 24 மணி நேரம், மழைக்காலமானால் இரண்டு நாள் கழித்தே பெயின்ட். அவசரப்பட்டால் அடியில் அது சுருங்கச் சுருங்க மேலே பெயின்ட் வெடிக்கும். எனாமல் இறுகிப் போகும், சீலன்ட் அசையும். அதனால் அந்தக் கோட்டின் மேல் சுவர் எமல்ஷனையே ஓட்டி, எனாமலைக் கப்போர்டு விளிம்போடு நிறுத்துங்கள்.

அளவு: 5 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழம் என்றால் 300 மி.லி. கார்ட்ரிட்ஜ் 12 மீட்டர் வரும். இரண்டாவது முறைக்கும் சேர்த்து இரண்டு வாங்குங்கள்.

பதில் 2

அந்த 18 மி.மீ. மூலைக்கு சீலன்ட் மட்டும் போதாது. இரண்டு நூலுக்கு (6 மி.மீ.) மேல் போனால் சீலன்ட் தொய்ந்து நடுவில் கிழியும். 10 மி.மீ. வரை நுரை ரப்பர் கயிறு (பேக்கர் ராட்) உள்ளே திணித்து மேலே சீலன்ட் வைக்கலாம். கயிறு இடுக்கைவிடக் கால் பங்கு பருமனாக இருக்கட்டும். சீலன்ட் இடுக்கின் இரு பக்கங்களை மட்டும் பிடித்தால்தான் ரப்பர் போல இழுபடும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட வழியில்லாமல் பிய்ந்துவிடும். கயிறு அதைத் தடுக்கிறது.

அதற்கும் மேல் என்றால் ஆசாரியிடம் சொல்லி, சுவரின் வளைவுக்கேற்ப ஒரு பட்டை வெட்டிப் பொருத்துங்கள். மூன்று செ.மீ. அகல ப்ளைவுட் பட்டையைத் தூக்கு பார்த்துக் கப்போர்டின் முகப்பில் தற்காலிகமாக நிறுத்தி, காம்பஸின் ஊசி சுவரைத் தொட்டபடி மேலிருந்து கீழே இழுத்தால் சுவரின் கோணல் பட்டையில் அப்படியே கோடாக விழும். அந்தக் கோட்டில் வெட்டி இழைப்புளியால் சரிசெய்து, சுவரிலிருந்து ஒரு நூல் விட்டு, கப்போர்டோடு மட்டும் ஆணியடித்துப் பசையிடுங்கள். மிச்ச ஒரு நூலுக்கு அக்ரிலிக். ரெடிமேட் பீடிங் (ஓரத்தை மறைக்கும் மெல்லிய மரச்சட்டம்) அடிப்பது சுலபம்தான், ஆனால் கோணல் சுவரில் நேர்ப் பீடிங் அடித்தால் கோணலை எடுத்துக்காட்டும்.

பதில் 3

பழைய சிலிகானைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதன் மேல் அக்ரிலிக்கும் நிற்காது. பிளேடால் இரு பக்கமும் கீறி முழுதாக உரித்தெடுங்கள். கண்ணுக்குத் தெரியாத படலம் மிச்சமிருந்தாலும் பெயின்ட் விலகி மீன்கண் போல வட்ட வட்டமாக நிற்கும். சிலிகான் ரிமூவர் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்த பிறகே பிரைமர்.

இன்னொன்று, இது முக்கியம். கேஸ் சிலிண்டர் வைக்கும் கப்போர்டில் கீழே இருக்கும் காற்றுத் துளைகளை இடுக்கு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அது வெளியேற வழி அதுதான்.

கேட்டவர்

மிக்க நன்றி. கிரானைட் மேடையும் டைல்ஸும் சேரும் இடத்திலும் அக்ரிலிக்தானே?

பதில் 1

இல்லை, தண்ணீர் தேங்கும் இடத்தில் அது ஊறி இளகும். அங்கே பூஞ்சை எதிர்ப்பு சானிட்டரி சிலிகான். ஆனால் பெயின்ட் வேலை எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு கடைசியாக வையுங்கள். சிலிகான் பட்ட கையோ துணியோ பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பில் படவே கூடாது.