உரவாளியில் அழுகல் வாடை, புழு: உதவுங்கள்

மாடிமல்லி:
வணக்கம். சென்னையில் அடுக்குமாடி வீடு. பால்கனியில் துளை போட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளியில் சமையலறைக் கழிவைச் சேர்த்து வருகிறேன். காய்கறித் தோலோடு மீந்த சோறு, குழம்பும் போகும். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அழுகிய முட்டை வாடை தாங்கவில்லை. அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிகிறது. மூடியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் தட்டைத் தட்டையாகப் புழுக்கள். பக்கத்து வீட்டிலும் முகம் சுளிக்கிறார்கள். மொத்தத்தையும் கொட்டிவிடட்டுமா?

சருகுக்காரன்:
கொட்டிடாதீங்க சகோதரி, முழுசா காப்பாத்தலாம். முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். ஈரம் இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டது. மூக்கில் ஏறும் மூத்திர வாடை என்றால் அது அம்மோனியா, தழைச்சத்து (நைட்ரஜன்) கூடிப்போயிருக்கும். எதுவானாலும் காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ தாராளமாகச் சேர்க்கணும். வாளியைப் பழைய சாக்கில் கவிழ்த்து, கட்டிகளை உடைத்துக் கலந்து திரும்பப் போடுங்க.

நார்த்தூள் கட்டியைச் செடிக்கு ஊறவைப்பது போல ஊறவைக்காதீங்க! உதிர்த்து, காய்ந்தபடியே போடணும். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். கலந்தபின் ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்க. விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்த்தால் போதும். ஒழுகினால் இன்னும் தூள் வேணும். கரிமச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் 30க்கு 1 என்ற அளவை ஒட்டி இருப்பது நல்லது. அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு போடுங்க.

வேம்பு:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவை பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். கடிக்காது, நோயும் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். பார்க்கச் சங்கடமாக இருந்தால் மொட்டைமாடியில் தட்டில் வையுங்கள், மைனாவும் காகமும் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கழிவு தெரியாதபடி சருகால் மூடுங்கள், ஈ முட்டையிட வருவது குறையும். ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் தூவலாம்.

மாடிமல்லி:
ரொம்ப நன்றி. புளித்த மோர் ஊற்றச் சொல்கிறார்களே?

சருகுக்காரன்:
இப்போ வேண்டாம், ஏற்கெனவே ஈரம் அதிகம். வாளி காய்ந்து கிடந்தால் தெளிக்கலாம். குழம்பை நிறுத்திடுங்க, உப்பும் எண்ணெயும் செடிக்கு ஆகாது. சோற்றைப் பிழிந்து கொஞ்சமாகப் போடலாம். அந்தக் கசிவு நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றாதீங்க, வேர் கருகலாம்.

மாடிமல்லி:
நார்த்தூள் கலந்தேன். வாடை அடங்கிவிட்டது, கைவைத்தால் சூடு தெரிகிறது. எப்போது எடுக்கலாம்?

வேம்பு:
சூடு வந்தால் வேலை நடக்கிறது, நல்ல செய்தி! வாளி நிரம்பியதும் 2 மாதமாவது தனியே விடுங்கள், வாரம் ஒருமுறை கிளறுங்கள். சூடு தணிந்து மண்வாசனை வந்ததும் சலித்துக்கொள்ளலாம். முட்டை ஓடும் மாங்கொட்டையும் கரையாமல் மேலே நிற்கும், அவற்றை அடுத்த வாளியில் போட்டுவிடுங்கள்.