ககாரின் வஸ்தோக் கலத்தில் வெறும் பயணிதானா?

தொலைநோக்கி (கேள்வி):

யூரி ககாரினைப் பற்றிச் சிறுவயதில் படித்ததற்கும் இப்போது படிப்பதற்கும் உள்ள இடைவெளி எனக்குக் குழப்பம் தருகிறது. 1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடங்களில் பூமியை ஒருமுறை சுற்றித் திரும்பிய முதல் மனிதர் அவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் வஸ்தோக்-1 ஏறத்தாழ முழுமையாகத் தானியங்கிக் கலம் என்றும், கைமுறைக் கட்டுப்பாடு எண் பூட்டு ஒன்றினால் பூட்டப்பட்டிருந்தது என்றும், தரையிறங்கும்போது அவர் கலத்துக்குள் இல்லை, 7 கி.மீ. உயரத்தில் இருக்கையோடு வெளியேற்றப்பட்டுத் தனி பாராசூட்டில் இறங்கினார் என்றும், அதைச் சோவியத் அரசு பல ஆண்டுகள் மறைத்தது என்றும் அண்மையில் அறிந்தேன்.

அப்படியானால், அதே வகைக் கலத்தில் அவருக்குச் சில வாரங்கள் முன்பு சென்று திரும்பிய செர்னூஷ்கா, ஸ்வியோஸ்தொச்கா என்ற நாய்களுக்கும் அவருக்கும் செயலளவில் என்ன வேறுபாடு? அவரைக் குறைத்துப் பேசும் நோக்கம் எனக்கு இல்லை. அந்த 108 நிமிடங்களில் அவர் உண்மையில் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

சுற்றுப்பாதை:

முதலில் அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எடையற்ற நிலையில் மனித மனம் எப்படி இயங்கும் என்று அன்று எவருக்கும் தெரியாது. விமானத்தை வளைபாதையில் செலுத்தி அரை நிமிட அளவுக்கு அந்த நிலையை உண்டாக்கிப் பார்த்ததுதான் அனுபவம். 1960 ஆகஸ்டில் பறந்த பெல்கா என்ற நாய் நான்காவது சுற்றில் வாந்தியெடுத்தது. முதல் மனிதப் பயணம் ஒரே சுற்றோடு நிறுத்தப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். விண்வெளி வீரர் நிலைதடுமாறிக் கருவிகளைத் தொட்டுவிடக்கூடாது என்று பூட்டு வைத்து, அதைத் திறக்கும் 125 என்ற எண்ணை ஓர் உறையிலிட்டு ஒட்டிக் கலத்துக்குள் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆபத்து நேரத்தில் உறையைத் தேடிக் கிழித்துக்கொண்டிருக்க முடியாது என்று உணர்ந்த, தலைமை வடிவமைப்பாளர் கொரோலெவின் குழுவினர், புறப்படும் முன்பே அந்த எண்ணை ககாரினின் காதில் போட்டுவிட்டார்கள்.

இனி அவர் செய்தவை. ஒரு மனிதன் அங்கே உண்ண முடியுமா, குடிக்க முடியுமா, எழுத முடியுமா, பார்ப்பதைத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று சோதிப்பதுதான் அவருக்கு இட்ட பணி. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பென்சிலைப் பிணைத்திருந்த சிறு திருகு கழன்று பென்சில் எங்கோ மிதந்து போய்விட்டது. எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்றானதும் ஏட்டை மூடிவிட்டு ஒலிப்பதிவுக் கருவியில் பேசத் தொடங்கினார். நாடாவும் தீர்ந்துபோனது. தொடர்ந்து பதிவு செய்யவேண்டுமே என்று நாடாவைத் தாமாகவே பின்னுக்குச் சுற்றிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். மறுநாள் அரசு ஆணையத்தின் முன் அளித்த அறிக்கையில் இவற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

உண்மையான சோதனை திரும்பும் வழியில் வந்தது. வேகத்தைக் குறைக்கும் இன்ஜின் ஏறத்தாழ 40 வினாடி எரிந்து நின்றதும், பத்துப் பன்னிரண்டு வினாடிகளுக்குள் கருவிப் பகுதி பிரிந்து, அவர் இருக்கும் கோளம் மட்டும் வளிமண்டலத்தில் நுழைய வேண்டும். வால்வு ஒன்று முழுமையாக மூடாததால் எரிபொருளில் ஒரு பங்கு வீணாகி, குறித்த வேகக் குறைப்பு கிடைக்காமலே இன்ஜின் நின்றது; பிரிப்புக் கட்டளை வரவில்லை; கலம் வினாடிக்குச் சுமார் 30 பாகை வேகத்தில் சுழலத் தொடங்கியது. தலை, கால், தலை, கால் என்று எல்லாம் சுழன்றதாகவும், கண்ணில் வெயில் அடிக்காமல் இருக்கக் காலைச் சாளரத்தருகே கொண்டுபோனதாகவும் அவர் விவரிக்கிறார். அந்த நிலையில் அவர் மனக்கணக்குப் போட்டார்: சோவியத் எல்லைக்கு இன்னும் ஏறத்தாழ 6,000 கி.மீ., சோவியத் நாட்டின் நீளம் ஏறத்தாழ 8,000 கி.மீ., ஆகவே எப்படியும் தூரக் கிழக்கு எல்லையைத் தாண்டுவதற்குள் எங்காவது இறங்கிவிடுவேன், வீண் கலவரம் வேண்டாம். பிரிப்பு நடக்கவில்லை என்று தொலைபேசி இணைப்பில் தெரிவித்ததோடு, எல்லாம் சீராக உள்ளது என்ற பொருள்படும் குறியீட்டையும் அனுப்பினார். சுமார் பத்து நிமிடங்கள் கழித்து, நுழைவின் வெப்பத்தை உணரும் மாற்று ஏற்பாடு வேலை செய்து பகுதிகளைப் பிரித்துவிட்டது.

சோதனை விமானிகளின் வேலையில் ஒரு பெரும்பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்: எதையும் தொடக்கூடாத நேரத்தில் தொடாமல் இருந்து, நடப்பதைச் சரியாக அறிவிப்பது. நாய்கள் உயிரோடு திரும்பின. ஆனால் உள்ளே பத்து நிமிடம் என்ன நடந்தது என்று கேட்டால் அவை என்ன சொல்லியிருக்கும்?

பழைய வானொலி:

மேலே நண்பர் விரிவாக எழுதியதற்குப் பின், தரையிறக்கத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

வஸ்தோக்கின் கோளம் பாராசூட்டில் இறங்கினாலும், உள்ளே இருப்பவர் காயமடையும் அளவுக்கு வேகமாகத் தரையில் மோதும். மோதலைத் தணிக்கும் இன்ஜின் அதில் இல்லை. எனவே வீரர் வெளியேறுவது தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் ஒரு பகுதி. ககாரின் பதறிக் குதித்ததாக யாரும் எண்ண வேண்டாம். ஆனால் சாதனைகளைப் பதிவுசெய்யும் பன்னாட்டு வானூர்தியியல் கூட்டமைப்பின் அன்றைய விதிப்படி, விமானி தம் கலத்தோடு தரையிறங்க வேண்டும். 327 கி.மீ. உயரச் சாதனை தள்ளுபடியாகிவிடும் என்ற அச்சத்தில், அவர் கலத்துக்குள்ளேயே இறங்கியதாக ஆவணம் கொடுத்தார்கள். ககாரினும் செய்தியாளர்கள் முன் அவ்வாறே தோன்றும்படி பேச வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பறந்த கெர்மன் தித்தோவ் தாம் வெளியேறி இறங்கியதை ஒப்புக்கொண்டபோது மூடிமறைப்பு ஆட்டம் கண்டது. கடைசியில் அந்தக் கூட்டமைப்பு, ஏறுவதும் சுற்றுவதும் உயிரோடு திரும்புவதுமே முக்கியம் என்று கருதி, சாதனையை அப்படியே வைத்துக்கொண்டது. அந்த ஆவணத்தில் ஏவிய இடம் பைக்கனூர் என்றிருந்தது; உண்மையில் ராக்கெட் கிளம்பிய தியுராத்தாம், அன்று அந்தப் பெயரில் இருந்த ஊரிலிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. தொலைவில் இருக்கிறது. தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலெவின் பெயரையும் அவர் 1966 ஜனவரியில் இறக்கும்வரை உலகம் அறியவில்லை. இவ்வளவு பேருடைய வேலைக்கும் வெளியுலகில் ஒரே முகமாக நின்றவர், 27 வயதான ஒரு விமானப்படை அதிகாரி.

இறங்கும்போது அவருக்கு வந்த தொல்லையை யாரும் அதிகம் சொல்வதில்லை. வெளிக்காற்றை உள்ளிழுக்க உதவும் வால்வின் கயிறு உடையின் மடிப்புக்குள் சிக்கிக்கொண்டதால், பாராசூட்டில் தொங்கியபடியே ஏறத்தாழ ஆறு நிமிடம் அதைத் தேடி இழுத்துக்கொண்டிருந்தார். சராத்தவ் பகுதியில், ஏங்கெல்ஸ் நகருக்கு அருகே ஸ்மெலவ்கா என்ற கிராமத்தின் வயலில் இறங்கியபோது எதிரே நின்றவர்கள் ஆன்னா தக்தாரவாவும் அவருடைய பேத்தி ரீத்தாவும். ஆரஞ்சு உடையும் வெள்ளைத் தலைக்கவசமும் அணிந்த உருவத்தைக் கண்டு அஞ்சிப் பின்வாங்கியவர்களிடம், தாமும் சோவியத் ஆள்தான் என்று சொல்லி அவர்களை நிறுத்தினார்.

தொலைநோக்கி:

இருவருக்கும் நன்றி. பிரிப்பு தவறிய செய்தி எனக்கு முற்றிலும் புதிது. கேள்வியில் நான் எழுதிய ஒப்பீடு பொருந்தாது என்று ஒப்புக்கொள்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. விண்வெளியில் கடவுளைக் காணவில்லை என்று அவர் சொன்னதாகப் பரவலாக மேற்கோள் காட்டுகிறார்களே, அது உண்மையா? அவர் ஏன் மீண்டும் பறக்கவில்லை?

ஏட்டுச்சுவடி:

அந்த மேற்கோள் பயணத்தின்போது பதிவான உரையாடல்களில் எங்கும் இல்லை. சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்து நாத்திகப் பிரசாரத்தில் எழுந்த பேச்சு, பின்னாளில் ககாரினின் வாயில் ஏற்றப்பட்டது.

இரண்டாவது கேள்விக்கு அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். ஸ்மொலென்ஸ்க் பகுதியின் குளூஷினோ கிராமத்தில் 1934 மார்ச் 9 அன்று தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். போரில் ஜெர்மானியர் வீட்டைப் பிடித்துக்கொண்டபோது குடும்பம் தோட்டத்தில் குழி தோண்டி மண்குடிசையில் வாழ்ந்தது. அண்ணன் வலந்தீனும் அக்கா சோயாவும் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். வார்ப்படத் தொழில் பயின்று, சராத்தவில் தொழில்நுட்பப் படிப்போடு விமானக் கழகத்தில் பறக்கக் கற்றவர், 1960இல் தேர்வான முதல் இருபது விண்வெளி வீரர்களில் ஒருவரானார். ஏறத்தாழ 157 செ.மீ. உயரம் நெருக்கடியான வஸ்தோக்குக்கு வசதியாக அமைந்தது. உழைப்பாளர் குடும்பப் பின்னணியும் அந்தச் சிரிப்பும் தேர்வில் எவ்வளவு எடை பெற்றன என்று அளவிட முடியாது; எடை பெற்றன என்பதில் எனக்கு ஐயமில்லை.

திரும்பி வந்தபின் அவர் நாட்டின் உடைமையாகிவிட்டார். நாடு நாடாக விருந்துகளும் ஊர்வலங்களும் நடந்தன. 1961 இறுதியில் இந்தியாவுக்கும் வந்தார். அவர் விரும்பியதோ பறப்பதை. 1967 ஏப்ரலில் சயூஸ்-1 பயணத்துக்கு விளாதிமீர் கமரோவின் மாற்று வீரராக நியமிக்கப்பட்டார். பாராசூட் விரியாமல் கமரோவ் இறந்தபின், ககாரினை இழக்கும் துணிவு மேலிடத்துக்கு இல்லாததால் விண்வெளிப் பயணங்களிலிருந்து அவரை விலக்கிவைத்தார்கள். 1968 பிப்ரவரியில் ஷுகோவ்ஸ்கி விமானப்படைப் பொறியியல் கல்விக்கழகப் பட்டம் பெற்று, போர் விமானம் ஓட்டும் தகுதியை மீட்டுக்கொள்ளப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர், 1968 மார்ச் 27 அன்று பயிற்சியாளர் விளாதிமீர் செரியோகினுடன் மிக்-15 பயிற்சி விமானத்தில் சென்றபோது கிர்ஷாச் நகருக்கு அருகே விழுந்து இறந்தார். வயது 34. இரகசியம் நீக்கி 2011இல் வெளியிட்ட ஆணைய முடிவு, ஏதோ ஒன்றைத் தவிர்க்க விமானத்தைத் திடீரெனத் திருப்பியிருக்கக்கூடும் என்கிறது. வேறொரு விமானம் மிக அருகே கடந்து அதை நிலைகுலைத்ததாக விண்வெளி வீரர் அலெக்சேய் லியோனவ் பிற்காலத்தில் கூறினார். இரண்டையும் மிஞ்சிய சதிக் கதைகளுக்கு நான் இடம் தரமாட்டேன்.

அடுத்த ஆண்டு அப்போலோ-11 வீரர்கள் நிலவில் விட்டுவந்த பொருள்களில் ககாரின், கமரோவ் இருவருடைய பதக்கங்களும் இருந்தன. ககாரின் புறப்பட்ட அதே மேடையிலிருந்து 2019 செப்டம்பர் வரை வீரர்களை ஏவிக்கொண்டிருந்தார்கள்.