குருதி ஏற்றிய பின் ஈமோகுளோபினை எப்போது பார்ப்பது?

வெள்ளவத்தை மகள்: இங்கே ஒரு வைத்தியசாலையில் அம்மாவுக்கு இரண்டு பை செங்குழியங்கள் ஏற்றினார்கள். முடிந்து ஒரு மணித்தியாலத்திலேயே மீண்டும் குருதி எடுத்து, ஈமோகுளோபின் 6.8 இலிருந்து 8.7 ஆகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். 24 மணித்தியாலமாவது பொறுக்க வேண்டாமா?

ஆய்வுகூடத்தான்: வேண்டியதில்லை, அக்கா. குருதிக்கசிவு இல்லாத பெரியவர்களில், ஏற்றி 15 நிமிடத்தில் எடுத்த அளவும் மறுநாள் எடுத்த அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதை 1990களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. ஒரு பைக்கு டெசிலீற்றருக்குச் சுமார் 1 கிராம் கூடும் என்பதே பொதுக்கணக்கு. உங்கள் அம்மாவின் எண் அதற்குப் பொருந்துகிறது. சேலைன் ஓடும் கையிலிருந்து எடுக்கவில்லை என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருதானைத் தாதி: தம்பி, 'குருதிக்கசிவு இல்லாத' என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். 6.8 வரை ஏன் இறங்கியது என்று இங்கே யாருமே கேட்கவில்லையே! வயிற்றுப்புண்ணிலிருந்து கசிவு தொடர்ந்தால் முதல் அளவு நிம்மதியைத் தரும், மறுநாள் அளவுதான் உண்மையைச் சொல்லும். சிறுநீரகம் பழுதடைந்து உடலில் நீர் தேங்கியவர்களிலும் ஓர் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஆய்வுகூடத்தான்: கசிவு என்று சந்தேகம் இருந்தால் 24 மணித்தியாலம் காத்திருப்பதே தவறு, மிஸ், சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சந்தேகமே இல்லாதவரை ஒரு பரிசோதனைக்காகக் கட்டிலில் வைத்திருப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

வெள்ளவத்தை மகள்: மாதவிலக்கு நின்று பல வருடங்கள்; காரணம் இன்னும் தெரியவில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தமும் உண்டு. அடுத்த வாரம் கிளினிக்கில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் பரிசோதனை) பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மருதானைத் தாதி: அப்படியானால் காரணம் தெரியும்வரை நான் அனுப்பமாட்டேன்.

ஆய்வுகூடத்தான்: காரணம் தெரியாத நிலையில் மிஸ் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் அது கடிகாரத்தைப் பற்றிய வாதமல்ல. எச்பிஏ1சியை மூன்று மாதமாவது தள்ளிவைக்கும்படி கேளுங்கள். செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழும். அதுவரை கொடையாளியின் குழியங்களும் சேர்ந்தே அளக்கப்படும். இடையில் வெறுவயிற்றுச் சீனியைப் பார்க்கலாம். தலசீமியா என்ற பரம்பரைக் குருதிச்சோகைக்கான ஈமோகுளோபின் பகுப்பாய்வுக்கும் இதே தடை உண்டு. ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரி ஆய்வுகூடத்தில் மிஞ்சியிருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள்.

மருதானைத் தாதி: இரண்டு கிழமைக்குள் கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ, எந்தத் திகதிக்கும் காத்திராமல் கூட்டிவாருங்கள், மகள். ஏற்றிய குருதிக்கு உடல் காட்டும் பிந்திய எதிர்விளைவு அப்போதுதான் வெளிப்படும்.