டாட்நெட் 8-க்கு மாற்றியபின் லினக்ஸ் சர்வரில் அட்டைப் படம் உருவாகவில்லை, லைப்ரரியை நிறுவியும் அதே பிழை

கேள்வி:

வணக்கம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் அட்டைகளைத் தயாரிக்கும் மென்பொருளைப் பராமரிக்கிறேன். உறுப்பினரின் புகைப்படத்தைச் சிறிதாக்கி, பெயரையும் கியூஆர் குறியீட்டையும் சேர்த்து ஒரே படமாகத் தருவது அதன் வேலை. உபுண்டு லினக்ஸ் சர்வரில், மைக்ரோசாஃப்டின் மென்பொருள் தளமான டாட்நெட் 6-இல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 6-க்கான ஆதரவு 2024 நவம்பரில் முடிந்துவிட்டதால் டாட்நெட் 8-க்கு மாற்றினோம். கம்பைல் ஆகிறது, சிஏ1416 என்ற எச்சரிக்கை மட்டும் வரிசையாக வருகிறது. உள்நுழைவு, தேடல், அறிக்கைகள் எல்லாம் சரி. அட்டையை உருவாக்கச் சொன்னால்தான் 500 பிழை. ‘ஜிடிஐபி’ என்ற டைப்பைத் தொடங்க முடியவில்லை என்று லாகில் பதிவாகிறது.

படம் வரைய உதவும் லிப்ஜிடிஐபிளஸ் லைப்ரரி இல்லாவிட்டால் இப்படி வரும் என்று படித்து அதை நிறுவினேன். சர்வீஸை மறுபடி தொடங்கியும் மாற்றமில்லை. அட்டைக்காக ஆட்கள் கவுண்டரில் வந்து நிற்கிறார்கள். தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

கரிசல்:

கன்டெய்னருக்குள் (மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் சூழல்) ஓடுகிறதா? அப்படியென்றால் சர்வரில் நிறுவியது உள்ளே தெரியாது, கன்டெய்னரின் இமேஜிலேயே சேர்க்க வேண்டும். இல்லையென்றால், சர்வரில் உள்ள லைப்ரரிகளைக் காட்டும் எல்டிகான்ஃபிக் பட்டியலில் லைப்ரரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்:

கன்டெய்னர் இல்லை, சிஸ்டம்டி சர்வீஸாக நேரடியாக ஓடுகிறது. பட்டியலில் பெயர் இருக்கிறது.

தாமிரபரணி:

நண்பரே, லாகில் அந்த வரியோடு நிறுத்தாமல் அதற்குக் கீழே உள்ள உட்பிழையைப் படியுங்கள். லைப்ரரி கிடைக்கவில்லை என்றால் அங்கே ‘டிஎல்எல் நாட் ஃபவுண்ட்’ என்று இருக்கும். உங்களுக்கு ‘பிளாட்ஃபார்ம் நாட் சப்போர்டட்’ என்று இருக்கும் என நினைக்கிறேன். இரண்டும் வேறு வேறு நோய். முதலாவதுக்கு நிறுவினால் போதும். இரண்டாவதுக்கு எதை நிறுவினாலும் பயனில்லை.

உங்கள் மென்பொருள் படம் வரையப் பயன்படுத்தும் சிஸ்டம் டிராயிங் காமன் என்பது விண்டோஸின் படம் வரையும் பகுதியான ஜிடிஐபிளஸ் மீது போர்த்திய மெல்லிய உறை. லினக்ஸில் அந்த இடத்தை மோனோ திட்டத்தின் லிப்ஜிடிஐபிளஸ் நிரப்பியது. டாட்நெட் 6-இலேயே மைக்ரோசாஃப்ட் இதை விண்டோஸுக்கு மட்டும் என்று அறிவித்துவிட்டது. ரன்டைம் கான்ஃபிக் கோப்பில் ‘எனேபிள் யூனிக்ஸ் சப்போர்ட்’ என்ற சுவிட்சைப் போட்டால் மட்டும் பழையபடி ஓடும். டாட்நெட் 7-இல் அந்தச் சுவிட்சையும் எடுத்துவிட்டார்கள். கம்பைலர் சிஏ1416 என்று சொல்லிக்கொண்டிருப்பதும் இதையேதான். அந்த எச்சரிக்கையை அடக்கிவிடாதீர்கள், மாற்ற வேண்டிய இடங்களின் பட்டியல் அதுதான்.

இன்றைக்குக் கவுண்டரில் நிற்பவர்களுக்காகப் டாட்நெட் 6-இல் ஓடிய பழைய பில்டைத் திரும்ப ஏற்றுங்கள். ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. படம் வரையும் பகுதியை லினக்ஸிலும் ஓடும் ஸ்கியாஷார்ப் என்ற லைப்ரரிக்கு மாற்றுவதே நிலையான தீர்வு. இமேஜ்ஷார்ப்பும் நல்லதுதான், ஆனால் அதன் புதிய பதிப்புகளின் உரிமம் வேறு, வணிகப் பயன்பாடு என்றால் முதலில் அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:

நீங்கள் சொன்னது போலவே உட்பிழை இருக்கிறது, பழைய ரன்டைம் கான்ஃபிக் கோப்பில் அந்தச் சுவிட்சும் இருக்கிறது! பழைய பில்டை ஏற்றியதும் அட்டைகள் வருகின்றன, மிக்க நன்றி. சோதனைச் சர்வரில் ஸ்கியாஷார்ப்பைச் சேர்த்தேன். இப்போது உண்மையிலேயே ‘டிஎல்எல் நாட் ஃபவுண்ட்’, லிப்ஸ்கியாஷார்ப் இல்லை என்கிறது.

தாமிரபரணி:

இது முதல் வகை நோய், எளிது. லிப்ஸ்கியாஷார்ப் அடங்கிய, ஸ்கியாஷார்ப்பின் லினக்ஸ் நேட்டிவ் அசெட்ஸ் தொகுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. சாதாரண வகைக்குச் சர்வரில் எழுத்துருக்களைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக் இருக்க வேண்டும். ‘நோ டிபென்டென்சிஸ்’ வகைக்கு அது தேவையில்லை. ஆனால் சிஸ்டத்தில் உள்ள எழுத்துருக்களைத் தேடித் தராது. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். எழுத்துருக் கோப்பை மென்பொருளோடு சேர்த்தே வைத்து அங்கிருந்து ஏற்றுங்கள். சர்வர் மாறினாலும் அட்டை மாறாது.

கேட்டவர்:

படம் வந்துவிட்டது. இரண்டு சிக்கல்கள் மீதம். பெயரின் மேல்பாதி வெட்டுப்படுகிறது, எழுத்தும் சிறியதாக இருக்கிறது. அடுத்தது முக்கியம்: இதுவரை ஆங்கிலத்தில் மட்டும் இருந்த பெயரை இந்த வாய்ப்பிலேயே தமிழிலும் போட நினைத்தோம். ‘செல்வி’ என்று கொடுத்தால் ஒற்றைக்கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

தாமிரபரணி:

முதலாவது: பழைய முறையில் நீங்கள் கொடுத்த புள்ளி எழுத்தின் மேல் இடது மூலை. ஸ்கியாவில் அது எழுத்து உட்காரும் அடிக்கோடு. எழுத்தின் உயரத்துக்கு ஏற்பக் கீழே இறக்குங்கள். அளவும் முன்பு பாயின்ட், இப்போது பிக்சல். 96 டிபிஐ-யில் 12 பாயின்ட் என்பது 16 பிக்சல்.

இரண்டாவது: ஸ்கியாவில் எழுத்தை வரையும் சாதாரண டிராடெக்ஸ்ட் கட்டளை குறியீடுகளை வந்த வரிசையில் அப்படியே வரைந்துவிடும். யூனிகோடில் எ-கரக் குறி (அந்த ஒற்றைக்கொம்பு) மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, அதை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் இன்ஜினின் வேலை. அந்த இன்ஜினைத் தரும் ஸ்கியாஷார்ப் ஹார்ஃப்பஸ் தொகுப்பையும் அதற்கான லினக்ஸ் நேட்டிவ் அசெட்ஸையும் சேர்த்து, டிராஷேப்டுடெக்ஸ்ட் வழியாக வரையுங்கள். ‘கொ’, ‘மு’, ‘டு’, ‘ணை’ மூலமும் சோதியுங்கள். ஒருவரின் அடையாள அட்டையில் அவர் பெயர் உடைந்து அச்சாகவே கூடாது.

கேட்டவர்:

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவோடு எல்லாப் பெயர்களும் சரியாக வருகின்றன. ‘கௌசல்யா’ கூட. நாளை முதன்மைச் சர்வரில் ஏற்றுகிறேன். சிஏ1416 எச்சரிக்கை வேறு ஓர் இடத்திலும் இருக்கிறது: அறிக்கையில் வரைபடம் போடும் பகுதி. அதை மாற்றி முடித்தபின்தான் ஏற்றுவேன்.