விபத்துக்குப் பிறகு வண்டியில் ஏற மறுக்கும் 7 வயதுக் குழந்தை: பெற்றோர் என்ன செய்யலாம்?

கொடிமுல்லை:
தங்கை மகளுக்கு 7 வயது. அப்பா அம்மாவோடு பைக்கில் போகும்போது கார் இடித்து மூவரும் விழுந்தார்கள். ஐந்து வாரம் ஆகிறது. கை எலும்பு கூடிவிட்டது. ஆனால் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள், படுக்கையை நனைக்கிறாள், பொம்மைக் காரை மோதவிட்டுக்கொண்டே இருக்கிறாள். "அதைப் பத்திப் பேசாதீங்க, தானா மறந்துடுவா" என்கிறார் அப்பா. தங்கை அவளைத் தெருவுக்கே விடுவதில்லை. பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். எது சரி?

வேப்பமரத்தடி:
கயிறு இருக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் "காத்து கருப்பு அண்டிருச்சு" என்று பிள்ளை காதுபடப் பேச வேண்டாம். அதிகம் கெடுப்பது அந்த மௌனம்தான். பிரிட்டனில் விபத்தில் அடிபட்ட 6 முதல் 13 வயதுப் பிள்ளைகளை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், "இனி இவள் பழையபடி ஆகவே மாட்டாள்" என்று நினைத்த, நடந்ததை நினைக்காதே, அந்தப் பக்கம் போகாதே என்று தூண்டிய பெற்றோரின் பிள்ளைகளுக்கே பிறகு பாதிப்பு கூடுதலாக இருந்தது.

வீட்டில் யாரும் பேசாவிட்டால் பிள்ளை தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். "நான் ஆடினதாலதான் வண்டி விழுந்துச்சு" என்று இந்த வயதில் நினைப்பது சகஜம். அதைக் கேட்டுத் திருத்த ஆள் வேண்டும். குடைந்து கேட்காதீர்கள். அவள் காரை மோதவிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். ஆம்புலன்ஸ் வந்தது, மாவுக்கட்டு போட்டது, பிரித்தது, வீட்டுக்கு வந்தது வரை கதை போக வேண்டும். மோதலோடு நின்றால் பயமும் அங்கேயே நிற்கும். பத்து நிமிடம் போதும், தூங்கும் நேரத்தில் வேண்டாம். படுக்கை நனைவதற்குத் திட்டவோ, உறவினர் முன்னால் சொல்லவோ கூடாது.

நிழற்குடை:
வண்டி விஷயத்தில் படிப்படியாகத்தான் போக வேண்டும். முதலில் சென்டர் ஸ்டாண்டு போட்ட வண்டியைத் தொடுவது. அப்புறம் ஹெல்மெட்டோடு மேலே உட்காருவது. பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் நிற்பது, அதன்பின் தெருமுனை வரை மெதுவாக ஒரு சுற்று. ஒவ்வொரு படியிலும் பயம் பத்துக்கு எத்தனை என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். எட்டில் இருக்கும்போது பதறி இறக்கிவிட்டால், "இறங்கினதாலதான் தப்பிச்சேன்" என்று மனம் படித்துக்கொள்ளும். அடுத்த தடவை இன்னும் கஷ்டம். நாலுக்கு வரும்வரை பேச்சுக் கொடுத்தபடி அங்கேயே இருங்கள். கட்டாயப்படுத்தித் தூக்கி உட்கார வைப்பதும் தப்பு. படி பெரிதாகத் தெரிந்தால் அதை இரண்டாகப் பிரியுங்கள்.

கொடிமுல்லை:
ஒரு படிக்கு எத்தனை நாள்? தங்கை வண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறாள்.

நிழற்குடை:
நாள் கணக்கு இல்லை. தினமும் செய்யுங்கள், தொடக்கத்திலேயே பயம் மூன்றுக்குக் கீழே வந்துவிட்டால் அடுத்த படி.

தென்னங்கீற்று:
அப்படியானால் படியேற்றத்தை அப்பா செய்யட்டும். பிள்ளை வண்டியைவிட அம்மா முகத்தைத்தான் பார்க்கும். உங்கள் தங்கையும் அதே விபத்தில் விழுந்தவர், அவருக்கும் சிகிச்சை தேவைப்படலாம். தாய்க்குப் பார்க்காமல் மகளை மட்டும் அழைத்துப் போவதுதான் பல வீடுகளில் நடக்கும் பிழை.

முதல் மாதத்தில் இந்த அறிகுறிகள் வருவது இயல்பு, பெரும்பாலும் தானே தணியும். ஒரு மாதம் தாண்டிவிட்டதால் இனிக் காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். விபத்து அதிர்ச்சிக்கென்றே உள்ள நடத்தைச் சிகிச்சை தருகிறார்களா என்று கேளுங்கள். வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள், பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு. முதலிலேயே மாத்திரை மட்டும் எழுதினால், இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.